கரும்புகைபோக்கியின் இரும்பு எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள மத்திய இந்திய முகட்டில், ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றை, இந்திய அறிவியலாளர்கள் ஆளில்லா நீர்மூழ்கிக் கலத்தின் துணையோடு படமெடுத்ததாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்தப் படத்தைச் சிறு குறிப்புடன் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நீரிலுள்ள உலோகங்களைப் பற்றியே கேட்டிருந்ததால், இம்மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: படத்தில் நீருக்குள்ளிருந்து கரும்புகை எழுகிறது. தண்ணீருக்கடியில் எது எரிகிறது?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: எதுவும் எரியவில்லை. ஊற்றின் வாயிலிருந்து வெளிவரும் கணத்தில் அந்த நீர் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கிறது. சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அது, 2 டிகிரி அளவிலான ஆழ்கடல் நீரைத் தொட்டவுடன், அதுவரை கரைந்திருந்த இரும்பும் தாமிரமும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிகின்றன. கோடிக்கணக்கான அத்துகள்களின் திரளே நமக்குக் கரும்புகையாகத் தெரிகிறது.

இவ்வகை ஊற்றுகளை மனிதன் நேரில் கண்டு அரை நூற்றாண்டுகூட முழுமையாகக் கழியவில்லை. 1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கியவர்கள் முதலில் கண்டவை வெதுவெதுப்பான ஊற்றுகள்தாம். கரும்புகைபோக்கி எனப்படும், கரும்புகை கக்கும் குழல்கள், 1979இல் மெக்சிகோவுக்கு மேற்கே, கிழக்குப் பசிபிக் முகட்டின் 21 டிகிரி வடக்கு அட்சரேகைப் பகுதியில் தென்பட்டன. அங்கே வெப்பமானியை நீட்டியபோது அதைத் தாங்கிய பிளாஸ்டிக் தண்டு உருகிப்போனது. அந்த நீர் எவ்வளவு சூடானது என்பதை முதலில் உணர்த்தியது அளவி அன்று, உருகிய அந்தத் தண்டுதான்.

கேள்வி: கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது, அதில் இரும்போ தாமிரமோ இல்லை என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட நீர் எவ்வாறு பாறையிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுக்கிறது? அவ்வாறு கரைந்த உலோகம் சல்பைடுடன் ஒரே நீரில் எப்படிச் சேர்ந்து பயணிக்க முடியும்? பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடை ஒரு தாமிர உப்புக் கரைசலில் செலுத்தினால் உடனே கறுத்துவிடுகிறதே!
– வேதியியல் ஆசிரியர், மதுரை

பதில்: இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. முதற்பாதியிலிருந்தே தொடங்குவோம்.

கடலடி முகடுகள் என்பவை நிலத்தட்டுகள் விலகி, இடையே புதிய எரிமலைப்பாறை உருவாகும் இடங்கள். விரிசல்கள் வழியே கீழிறங்கும் கடல்நீர், ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பின் அருகாமை வரை சென்று சூடேறுகிறது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியமும் 2.7 கிராம் சல்பேட்டும் உள்ளன. இவ்விரண்டையும் அது வழியிலேயே இழக்கிறது. மக்னீசியம், நீரிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பாறையின் களிமண் போன்ற கனிமங்களுக்குள் புகுந்துவிடுகிறது. ஹைட்ராக்சில் போனால் ஹைட்ரஜன் அயனி மிஞ்சும், நீர் அமிலமாகிவிடும். மேலே வந்த நீரை ஆறவைத்து அளந்தால் அதன் பிஎச் மதிப்பு பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் இருக்கிறது. ஏறத்தாழ நம் வீட்டுப் புளிக்கரைசலின் புளிப்பு.

சல்பேட்டின் கதை வேறு. கால்சியம் சல்பேட்டான அன்ஹைட்ரைட், சூடேறச் சூடேறக் கரைதிறன் குறையும் விந்தையான உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிவது வேறு உப்பு என்றாலும், சூட்டில் படியும் குணம் இரண்டுக்கும் ஒன்றே. 150 டிகிரியைத் தாண்டும்போது சல்பேட்டில் பெரும்பகுதி அன்ஹைட்ரைட்டாக விரிசல்களிலேயே படிந்துவிடுகிறது. எஞ்சிய சிறுபகுதியைப் பாறையிலுள்ள பெரஸ் இரும்பு (இரண்டு மின்சுமை கொண்ட இரும்பு) ஒடுக்கி ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. பாறையிலிருந்தே நேராகக் கரையும் கந்தகமும் அதனுடன் சேர்கிறது. நீரில் வந்த ஆக்சிஜனும் பாறையோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஆக, உள்ளே போனது ஆக்சிஜனும் சல்பேட்டும் கொண்ட மென்காரக் கடல்நீர். வெளியே வருவது ஆக்சிஜனற்ற, சல்பைடு கொண்ட, புளித்த கொதிநீர்.

இனி இரண்டாம் பாதி. உலோகத்தைச் சுமப்பது குளோரைடு. சாதாரண வெப்பநிலையில் நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு அவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்கும் வல்லமை உடையவை. 350 டிகிரியில் அந்த வல்லமை வெகுவாகக் குறைந்துவிடுவதால், இரும்பு, தாமிர, துத்தநாக அயனிகள் அருகிலிருக்கும் குளோரைடோடு இறுகப் பிணைந்து அணைவுச் சேர்மங்களாகின்றன. கடல்நீரில் குளோரைடுக்குப் பஞ்சமில்லை. மறுபுறம், அமிலம் மிகுந்த அந்த நீரில் சல்பைடு முழுவதும் ஹைட்ரஜனோடு கட்டுண்டு, ஹைட்ரஜன் சல்பைடாகவே நடமாடுகிறது. உலோகத்தைப் பிடிக்க அதனிடம் கை ஒழிவில்லை. உங்கள் சோதனைக்குழாயில் இருப்பது குளிர்ந்த கரைசல்; அங்கே தாமிரத்தைக் காக்க வலுவான குளோரைடு அணைவு இல்லை. சோதனைக்குழாயைப் போலவே, ஊற்றின் வாயிலும் வெப்பம் குறைந்து, அமிலத்தன்மை தணிந்து, குளோரைடின் பிடி தளரும் அந்த நொடியில் உலோகம் சல்பைடிடம் சிக்கிவிடுகிறது. ஓர் உலோகம் கரைந்திருக்குமா படிந்துவிடுமா என்பதை அந்தந்த இடத்தில் அது யாரோடு சேர்கிறது என்பதே முடிவு செய்கிறது. பின்வரும் பதில்கள் சிலவற்றிலும் இதே கணக்குத் திரும்ப வரும்.

கேள்வி: 350 டிகிரியில் நீர் ஏன் ஆவியாகவில்லை?
– கொதிகலன் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: அழுத்தம். 2,500 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 250 மடங்கு அழுத்தம் உள்ளது. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. திரவம், ஆவி என்ற வேறுபாடு மறையும் எல்லையான மாறுநிலைப் புள்ளி, கடல்நீருக்கு 407 டிகிரி, 298 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). பாறைக்குழம்புக்கு அருகே இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோ செல்லும் நீர், உப்புக் குறைந்த ஆவிநிலைப் பகுதியாகவும் உப்பு மிகுந்த கடும் உவர்நீராகவும் பிரிகிறது. குளோரைடு உவர்நீரோடு போய்விடுவதால் உலோகங்களும் அதன்பின் போய்விடுகின்றன.

கிழக்குப் பசிபிக் முகட்டின் 9 டிகிரி வடக்குப் பகுதியில் 1991இல் எரிமலைக் குமுறல் நிகழ்ந்தவுடன் சென்று பார்த்த ஆய்வாளர்கள், ஓர் ஊற்றில் உப்பு மிகக் குறைந்த நீர் பீறிடுவதைக் கண்டனர். மூன்றாண்டுகள் கழித்து, 1994இல், அதே ஊற்றின் நீரில் கடலைவிட அதிகமான உப்பு இருந்தது. முதலில் ஆவிப்பகுதி வெளியேறிவிட, அடியில் தங்கிவிட்ட உவர்நீர் பின்னர் மேலே வந்ததே காரணம்.

கேள்வி: எல்லா வெந்நீர் ஊற்றுகளும் கறுப்பாகவே இருக்குமா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. மேலே வரும் வழியிலேயே நீர் குளிர்ந்துவிட்டால், உலோகச் சல்பைடுகள் தரைக்கடியிலேயே தங்கிவிடும்; சிலிக்கா, பேரியம் சல்பேட், அன்ஹைட்ரைட் ஆகியவற்றின் வெண்துகள்களே வெளியே வரும். அவற்றை வெண்புகைபோக்கி என்பார்கள்.

இதைவிடச் சுவையான ஒப்பீடு அட்லாண்டிக் நடுமுகட்டில் இருக்கிறது. அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே 36 டிகிரி வடக்கில் ரெயின்போ என்னும் ஊற்றுத் தொகுதியும், அதற்குத் தெற்கே 30 டிகிரி வடக்கில், 2000 டிசம்பரில் கண்டறியப்பட்ட லாஸ்ட் சிட்டி என்னும் தொகுதியும் உள்ளன. இரண்டிலும் நீர் ஊறிவருவது பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகத்தைச் சேர்ந்த, மக்னீசியமும் இரும்பும் செறிந்த பாறை வழியாகத்தான். ஆனால் ரெயின்போவின் நீர் 365 டிகிரி வெப்பமும், 3க்குச் சற்றுக் குறைவான பிஎச்சும் கொண்டது. ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் இரும்பு கரைந்திருக்கிறது; வெந்நீர் ஊற்றுகளில் அளக்கப்பட்ட மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று. லாஸ்ட் சிட்டியில் நீரின் வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 90 டிகிரி. பிஎச் 9 முதல் 11. உலோகம் ஏறக்குறைய இல்லை. அங்கே எழுந்து நிற்பவை கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் கொண்ட வெண்கோபுரங்கள். அவற்றுள் உயரமானது 60 மீட்டர், நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமம். பாறை ஒரே வகையாக இருந்தும், சூடும் புளிப்பும் இல்லாத நீரால் அதிலிருந்து இரும்பைக் கொண்டுவர முடியவில்லை.

கேள்வி: அந்தக் குழல்களைக் கட்டுவது யார்?
– ஏழாம் வகுப்பு மாணவன், நாகப்பட்டினம்

பதில்: உயிரினங்கள் கட்டுவதில்லை, தம்பி, வேதிவினையே கட்டுகிறது. முதலில், ஊற்றைச் சூழ்ந்த கடல்நீர் வெந்நீரால் சூடாகி, அதிலுள்ள சல்பேட் அன்ஹைட்ரைட்டாகப் படிந்து மெல்லிய வெண்சுவர் எழுகிறது. அச்சுவர் வெந்நீரையும் குளிர்நீரையும் பிரித்துவிடுவதால், உட்புறம் மிகுந்த சூட்டில் தாமிரமும் இரும்பும் கலந்த சால்கோபைரைட் பொன்னிறப் பூச்சாகப் படிகிறது. சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து சற்றே ஆறிய நீரிலிருந்து, துத்தநாகச் சல்பைடும் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடும் வெளிப்புறத்தில் சேர்கின்றன. தாமிரத்தைக் கரைத்து வைக்கக் கடுஞ்சூடு வேண்டும், துத்தநாகத்துக்கு அவ்வளவு வேண்டாம்; எனவே ஒரு குழலைக் குறுக்கே அறுத்தால் எந்த இடம் எவ்வளவு சூடாயிருந்தது என்பதைக் கனிமங்களைக் கொண்டே படித்துவிடலாம். ஊற்று அவிந்து குளிர்ந்தால் அன்ஹைட்ரைட் மீண்டும் கடலில் கரைந்துபோகும். தாங்கும் சுவரை இழந்த குழல் சரிந்து சல்பைடு மேடாகிவிடும்.

கேள்வி: இத்தகைய நீரை மேலே கொண்டுவந்து சோதிப்பது எப்படி? வழியில் மாறிவிடாதா?
– ஆய்வக உதவியாளர், யாழ்ப்பாணம்

பதில்: மாறிவிடும் என்பதுதான் இத்துறையின் முதல் தலைவலி. துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கக்கூடிய நீர் என்பதால், பெரிய ஊசிக்குழல் போன்ற டைட்டானியக் கலங்களை ஊற்றின் வாய்க்குள் நுழைத்து உறிஞ்சுகிறார்கள். என்னதான் கவனமாக உறிஞ்சினாலும் கொஞ்சம் கடல்நீர் உடன் புகுந்துவிடும். எவ்வளவு புகுந்தது என்று எப்படி அறிவது? மேலே சொன்ன மக்னீசியமே இங்குக் கைகொடுக்கிறது. உண்மையான ஊற்றுநீரில் மக்னீசியம் ஏறத்தாழச் சுழியம். எனவே மாதிரியில் காணப்படும் மக்னீசியம் அனைத்தும் கடலிலிருந்து வந்து கலந்தது எனக் கொள்ளலாம். கடலில் உள்ளதில் பாதி மக்னீசியம் இருந்தால் பாதி கலப்படம். அதைக் கழித்துவிட்டு மற்ற உலோகங்களின் அளவைக் கணக்கிடுவார்கள். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கண்டுபிடிப்பதற்கு ஒப்பான கணக்கு.

ஊற்றை விட்டு விலகிச் சென்று, திறந்த கடலில் இரும்பை அளப்பது இதைவிடக் கடினமானது. ஆழ்கடல் நீரில் இரும்பு பொதுவாக ஒரு கிலோவுக்கு ஒரு நானோமோல் அளவோ அதற்கும் குறைவோதான். நகரத்துத் தண்ணீர் லாரி ஒன்று கொள்ளும் 12,000 லிட்டரில் ஒரு மில்லிகிராமைக்கூட அது எட்டாது. அதே லாரியை ரெயின்போ ஊற்றின் நீரால் நிரப்பினால் 16 கிலோ இரும்பு கிடைக்கும். ஆராய்ச்சிக் கப்பலோ இரும்பால் ஆனது, அதன் வடமும் இரும்பு, தளத்தில் எங்கும் துரு. 1980களுக்கு முன் வெளிவந்த கடல் இரும்பு அளவீடுகளில் பெரும்பாலானவை கப்பலைத்தான் அளந்திருக்கின்றன என்று இன்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார்கள். இப்போது கெவ்லார் இழை வடம், உள்ளே டெஃப்லான் பூசிய குப்பிகள், வடிகட்டிய காற்று மட்டும் நுழையும் பிளாஸ்டிக் அறை எனக் கப்பலுக்குள் இரும்பு தீண்டாத ஒரு தீவை அமைத்துக்கொண்ட பிறகே நீரைத் தொடுகிறார்கள். அடுத்த பதிலில் வரும் கண்டுபிடிப்பு இந்தச் சுத்தம் இல்லாமல் சாத்தியமாகியிருக்காது.

கேள்வி: ஊற்றிலிருந்து வெளிவந்த இரும்பு முழுவதும் அருகிலேயே படிந்துவிடும் என்று ஒரு பாடநூலிலும், பல்லாயிரம் கிலோமீட்டர் போகும் என்று வேறோர் இடத்திலும் படித்தேன். எது சரி?
– முதுகலை மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: பாடநூல் எழுதப்பட்ட காலத்தில் அது சரியென்றே எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வலுவான வேதியியல் காரணங்களும் இருந்தன.

வெளிவந்த இரும்பில் ஒரு பகுதி சல்பைடாகி ஊற்றைச் சுற்றியே விழுந்துவிடுகிறது. சல்பைடு எவ்வளவு உள்ளதோ அதைப் பொறுத்து இப்பகுதி கூடும், குறையும். மீதி, சூடான நீரோடு மேலெழுகிறது. எழும்போதே சுற்றியுள்ள நீரை உள்ளிழுத்து ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு நீர்த்துப்போய், பெரும்பாலும் இருநூறு முந்நூறு மீட்டர் உயரத்தில் சுற்றுநீரின் அடர்த்தியோடு சமமாகி, அங்கிருந்து பக்கவாட்டில் பரவத் தொடங்குகிறது. இந்தப் புகைத்திரளில் இரும்பைச் சந்திப்பது ஆக்சிஜன். பெரஸ் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, மூன்று மின்சுமை கொண்ட பெரிக் இரும்பாகி, நீரில் கரையாத துருவாகிறது.

இந்த வினையின் வேகம் ஆக்சிஜனின் அளவோடு நேர்விகிதத்திலும், ஹைட்ராக்சில் அயனியின் இருமடியோடும் மாறுவதால், கடலுக்குக் கடல் பெரிதும் வேறுபடுகிறது. வட அட்லாண்டிக்கின் ஆழ்நீர், கிரீன்லாந்து பக்கம் அண்மையில் மூழ்கிய இளநீர். அதில் ஆக்சிஜன் மிகுதி. பசிபிக்கின் ஆழ்நீரோ மேற்பரப்பைப் பார்த்துப் பல நூற்றாண்டுகள் ஆன கிழநீர். மேலிருந்து விழும் கழிவுகளை நுண்ணுயிர்கள் தின்று தின்று அதன் ஆக்சிஜனைக் குறைத்து, சற்றே அமிலமாக்கியும் விட்டன. ஆகவே, பெரஸ் இரும்பில் பாதி துருவாக அட்லாண்டிக்கின் சில இடங்களில் சில நிமிடங்களே போதும். பசிபிக்கில் சில மணிநேரம் ஆகிறது. எப்படியாயினும், மாதக்கணக்கில் நகரும் கடல் நீரோட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் கண்சிமிட்டும் நேரம்தான். இப்படி உருவாகும் துருத்துகள்கள் தாம் மட்டும் விழுவதில்லை; கடல்நீரில் ஏற்கெனவே இருந்த பாஸ்பேட், வனேடியம், ஆர்செனிக், அருமண் தனிமங்கள் ஆகியவற்றையும் வாரிக்கொண்டு விழுகின்றன. வெந்நீர் ஊற்றுகள் கடலுக்கு எல்லா உலோகங்களையும் கொடுப்பவை என்று பொதுவாக எழுதுவது இதனால் தவறாகிறது. அருமண் தனிமங்களைப் பொறுத்தவரை அவை கொடுப்பதைவிடப் பறிப்பதே அதிகம்.

இந்த வாதத்தை ஆட்டங்காண வைத்தது 2013இன் இறுதியில் ஜியோட்ரேசஸ் என்னும் பன்னாட்டுத் திட்டத்தின்கீழ், தென் அமெரிக்கக் கரைக்கு அப்பாலிருந்து டஹிட்டி வரை சென்ற அமெரிக்க ஆய்வுப் பயணம். கிழக்குப் பசிபிக் முகட்டின் தென்பகுதி ஊற்றுகளுக்கு மேற்கே ஹீலியம்-3 என்னும் அரிய ஓரிடத்தான் நீண்ட நாக்குப்போலப் பரவிக் கிடப்பது 1981இலேயே தெரிந்திருந்தது. ஹீலியம் எதனோடும் வினைபுரியாது. எனவே ஊற்றுநீர் எங்கெல்லாம் போயிற்று என்பதற்கு அது நம்பகமான சாட்சி. அந்த நாக்கின் வழியே சென்று அளந்தபோது, கரைந்த நிலையிலுள்ள இரும்பும் மாங்கனீசும் 4,000 கிலோமீட்டருக்கு மேலும் தொடர்ந்து காணப்பட்டன. முடிவுகள் 2015இல் வெளியாயின. உலகக் கடல்களுக்கு இவ்வூற்றுகள் தரும் கரைந்த இரும்பு ஆண்டுக்கு 3 முதல் 4 கிகாமோல், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் முதல் இரண்டே கால் இலட்சம் டன் இருக்கும் என்றும், இது முந்தைய மதிப்பீட்டைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் என்றும் அக்குழு கணக்கிட்டது.

மணிக்கணக்கில் துருவாகவேண்டிய இரும்பு எப்படி ஆண்டுக்கணக்கில் தப்பித்தது? ஒன்று, அதைச் சில கரிமச் சேர்மங்கள் ஈனிகளாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. வேளாண் கடைகளில் 'செலேட்' என்ற பெயரில் இரும்பு நுண்ணூட்டம் விற்கிறார்களே, அதே உத்திதான். மண்ணில் துருவாகிப் பயனற்றுப் போகாமல் இரும்பை ஒரு கரிம மூலக்கூறு காப்பாற்றுகிறது. இரண்டு, ஊற்றின் வாயிலேயே உருவாகும் பைரைட்டின் நானோ துகள்கள். பைரைட் மற்ற இரும்புச் சல்பைடுகளைவிட மெதுவாகவே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. துகள் மிகச் சிறியதாதலால் எளிதில் மூழ்கவும் செய்யாது. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். 'கரைந்த இரும்பு' என்பது பெரும்பாலும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியைக் கடந்து வந்த இரும்பு என்பதற்கான அலுவல் பெயர். உண்மையில் கரைந்ததும், கரையாமல் மிதக்கும் கூழ்மமும், நானோ துகளும் அதில் கலந்தே கணக்கிடப்படுகின்றன.

2017இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது. மேற்கே செல்லச் செல்ல, இரும்பின் நாக்கு ஹீலியத்தின் நாக்கைவிடப் படிப்படியாகத் தாழ்ந்து, சுமார் 350 மீட்டர் கீழே போய்விடுகிறது. இரும்பு கரைந்த நிலைக்கும் துகள் நிலைக்கும் மாறி மாறிச் சென்றுகொண்டிருப்பதால், துகளாக இருக்கும் வேளைகளில் சற்றுச் சற்றாக இறங்குகிறது என்பதே விளக்கம். எனவே உங்கள் கேள்விக்கு விடை: பெரும்பகுதி இரும்பு அருகிலேயே விழுகிறது, தப்பிக்கும் சிறுபகுதியும் கடலின் கணக்கில் சிறியதன்று. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் மற்றச் சத்துகள் நிறைந்திருந்தும் இரும்பு இல்லாமையால் மிதவைத் தாவரங்கள் தழைப்பதில்லை. ஆழ்நீர் மேலெழும் அந்தப் பகுதிக்கு இவ்விரும்பு போய்ச் சேருகிறது என்பதற்கான சான்றுகள் இப்போது சேர்ந்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: மாங்கனீசும் அப்படித்தானா?
– அதே வாசகர்

பதில்: மாங்கனீசு சல்பைடோடு எளிதில் சேராது, ஆக்சிஜனோடும் அவசரப்படாது, பாக்டீரியாக்கள் தூண்டினாலன்றி அதன் ஆக்சிஜனேற்றம் மிக மெதுவானது. அதனாலேயே, புதிய ஊற்றுகளைத் தேடுவோர் முதலில் நீரில் மாங்கனீசு கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கஞ்சமலையின் இரும்புக்கும் இந்த ஊற்றுகளுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சேலம்

பதில்: நம்பலாம், ஆனால் இன்றைய ஊற்றுகளோடு அன்று. கஞ்சமலையில் மாக்னடைட் என்னும் இரும்புத் தாதுவும் குவார்ட்சும் பட்டை பட்டையாக மாறி மாறி அமைந்துள்ள பாறை, உலகின் பழங்கண்டங்களில் காணப்படும் பட்டை இரும்புப் பாறை வகையைச் சேர்ந்தது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அக்காலக் கடலில் ஆக்சிஜன் இல்லை, சல்பைடுக்கு ஒரு மூலமான சல்பேட்டும் மிகக் குறைவு. அதாவது, இன்று ஊற்றுக்கு அருகிலேயே இரும்பை மடக்கிவிடும் இரண்டு எதிரிகளும் அன்று இல்லை. ஊற்றுகளிலிருந்து வந்த பெரஸ் இரும்பு கடல் முழுவதும் கரைந்து பரவி, ஆக்சிஜனேற்றம் நிகழ்ந்த இடங்களில் சிலிக்காவோடு படிந்து, பின்னர் மண்ணுக்குள் வெந்து மாக்னடைட்டாக மாறியது.

இதற்கு யூரோப்பியம் என்னும் அருமண் தனிமம் ஒரு கைரேகைபோல் உதவுகிறது. அருமண் தனிமங்கள் பெரும்பாலும் மூன்று மின்சுமை கொண்டவை. கடுஞ்சூடும் ஆக்சிஜனின்மையும் சேர்ந்தால் யூரோப்பியம் மட்டும் இரண்டு மின்சுமை நிலைக்கு இறங்கி, தன் கூட்டத்தைவிட எளிதாக நீரில் கரைந்து வெளியேறுகிறது. ஆகவே ஊற்றுநீரில் யூரோப்பியம் மட்டும் துருத்திக்கொண்டு கூடுதலாக இருக்கும். அத்தொன்மைக் காலத்துப் பட்டை இரும்புப் பாறைகளிலும் அதே துருத்தல் காணப்படுவதுதான் நண்பர் சொன்னதற்கு ஆதாரம்.

கேள்வி: தங்கமும் இருக்கிறதாமே?
– நகைத் தொழிலாளி, காரைக்குடி

பதில்: இருக்கிறது. தங்கத்தை மேலே கொண்டுவருவதில் பெரும்பங்கு குளோரைடுடையது அன்று. வெப்பம் சற்றுத் தணிந்த நிலையில் கந்தகமே தங்கத்தைக் கட்டிச் சுமக்கிறது. மற்ற உலோகங்களைக் கீழே தள்ளும் அதே கந்தகம் தங்கத்துக்கு மட்டும் தோள் கொடுக்கிறது. பாப்புவா நியூ கினியாவை அடுத்த பிஸ்மார்க் கடலில், சுமார் 1,600 மீட்டர் ஆழத்தில் உள்ள சொல்வாரா-1 என்னும் படிவத்தில் டன்னுக்கு ஐந்தாறு கிராம் தங்கமும் 7 விழுக்காடு அளவில் தாமிரமும் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதைத் தோண்டப் புறப்பட்ட நிறுவனம் தோண்டாமலேயே 2019இல் திவாலானது. இந்தியாவும் மத்திய இந்திய முகட்டிலும் தென்மேற்கு இந்திய முகட்டிலுமாக 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தகைய சல்பைடுகளைத் தேடிப் பார்க்க, பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் 2016இல் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துள்ளது. அது தேடுவதற்கான உரிமைதான். சுரங்கம் வெட்டுவதற்கானது அன்று.

கேள்வி: இந்த உலோகங்களால் நாம் உண்ணும் மீனுக்குக் கேடு உண்டா?
– மீன் வணிகர், குளச்சல்

பதில்: இல்லை. ஊற்றுகள் கரையிலிருந்து வெகுதொலைவில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் உள்ளன. அவற்றின் நீர் தொடக்கத்திலேயே பதினாயிரம் மடங்கு நீர்த்துவிடுகிறது. ஊற்றையே ஒட்டி வாழும் சிப்பிகளின் செவுள்களில் உலோகம் சேர்வது உண்மை. அவற்றை யாரும் வலையில் பிடிப்பதில்லை.

கேள்வி: இரும்புச் செதில் கொண்ட நத்தை இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். உண்மையா? காந்தம் ஒட்டுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: அக்கா சொன்னது உண்மை. நம் இந்தியப் பெருங்கடலில், ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் உள்ள கைரேய் என்னும் ஊற்றுத் தொகுதியில் 2001இல் அது முதன்முதலாகக் கிடைத்தது. அதன் பாதத்தின் பக்கங்களை ஓட்டு வீட்டின் கூரைபோல மூடியிருக்கும் கருஞ்செதில்களில் பைரைட்டும் கிரைகைட்டும் உள்ளன. கிரைகைட் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புச் சல்பைடு, ஆகவே ஒட்டும்.

நத்தை இரும்பைத் தேடிச் சேர்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அதன் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களின் உழைப்பால் கந்தகக் கழிவு உண்டாகிறது. அக்கந்தகம் செதிலின் நுண்ணிய குழாய்கள் வழியே வெளியேறும்போது, ஊற்றுநீரிலிருந்து ஊடுருவிவரும் இரும்பை அங்கே சந்தித்துச் சல்பைடு நானோ துகள்களாகப் படிகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். கரும்புகைக்குழலின் வாயில் நடப்பதே நத்தையின் தோலிலும் நடக்கிறது. கைரேய்க்கு வடக்கே சில நூறு கிலோமீட்டர் தொலைவில் 2009இல் கண்டறியப்பட்ட சாலிட்டேர் என்னும் தொகுதியிலும் இதே இனத்து நத்தை வாழ்கிறது. ஆனால் அங்குள்ள ஊற்றுநீரில் இரும்பு மிகக் குறைவு. அங்கே நத்தையின் செதில்கள் வெளிறிய வெள்ளை. காந்தத்தை எவ்வளவு அருகில் கொண்டுபோனாலும் அவை அசைவதில்லை.